பதவி விலகுதல் குற்றத்தை ஒப்புக்கொள்வதாகுமா?



மந்திரி ஒருவர் பேரில் குற்றச்சாட்டு எழும்போதெல்லாம் நம் ஊர் டீக்கடைகளிலும், கம்பெனி பஸ் வந்து நிற்கும் இடங்களிலும் ஒரே வாதம் நடக்கிறது. "மானமுள்ளவராயிருந்தால் இன்றைக்கே ராஜினாமா செய்ய வேண்டும்" என்பார் ஒருவர். "குற்றம் ரூபிக்கப்படுமுன் ஏன் போக வேண்டும்? போனால் ஒப்புக்கொண்டது போலாகுமே" என்பார் மற்றொருவர். சற்று நின்று கேட்டால் ஒன்று விளங்கும். மந்திரி வேற்றுக் கட்சிக்காரராயிருந்தால் முதல் பேச்சும், சொந்தக் கட்சிக்காரராயிருந்தால் இரண்டாம் பேச்சும் வருகின்றன. ஆளைப் பார்த்து மாறுகிற தீர்ப்பு தீர்ப்பாகாது. அது வெறும் பட்சபாதம். ஆகையால் கட்சிகளைச் சற்று ஒதுக்கி வைத்து, இந்த விஷயத்தை நிதானமாய் ஆராய்வோம்.

ஓசூர்ப் பக்கத்தில் இருக்கும் நமக்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1998-ம் வருஷம் பாகலூரில் சாராய விற்பனையை எதிர்த்து ஒரு போராட்டம் நடந்தது. அதில் கல்வீச்சு உண்டாகி வாகனங்கள் சேதமாயின. அதன்பேரில் பலர்மீது வழக்குப் போடப்பட்டது. அவர்களில் ஒருவரான திரு. பி. பாலகிருஷ்ண ரெட்டி 2016-ல் ஓசூர் தொகுதியின் சட்டசபை அங்கத்தினரானார், பின்பு மந்திரியுமானார். 2019 ஜனவரி 7-ந் தேதி, அவர் இளைஞர் நலன், விளையாட்டுத் துறை மந்திரியாயிருக்கையில், சென்னையிலுள்ள தனி நியாயஸ்தலம் அந்தப் பழைய வழக்கில் அவருக்கு 3 வருஷச் சிறைத்தண்டனை விதித்தது. அப்பீல் செய்வதற்காகத் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. எனினும் அன்றே அவர் மந்திரி பதவியை ராஜினாமா செய்தார். இரண்டு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை பெற்ற அங்கத்தினர் உடனே தம் ஸ்தானத்தை இழப்பார் என்பது 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு செய்த தீர்ப்பின் பலன். அதன்படி சட்டசபை ஸ்தானமும் போயிற்று. ஏப்ரலில் இடைத்தேர்தல் நடந்து, அந்த ஸ்தானம் எதிர்க்கட்சிக்குக் கிடைத்தது. பின்பு 2023-ல் சென்னை ஐக்கோர்ட்டு அந்தத் தண்டனையை ரத்துச் செய்து அவரை விடுதலை செய்தது.

இப்போது நம் கேள்வி கூர்மையாகிறது. முடிவில் குற்றவாளியல்ல என்று தீர்ப்பான ஒருவர், நான்கு வருஷத்துக்குமுன் பதவியை விட்டது சரியா? "பார்த்தீர்களா, அநியாயமாய்ப் போய்விட்டார், இனி ஒருவரும் தீர்ப்பு முடியும்வரை விலகக் கூடாது" என்று சொல்வோர் உண்டு. இவர்களுடைய நியாயத்தை அற்பமாய்த் தள்ளிவிடக் கூடாது. ஆனால் அதில் ஒரு குழப்பம் இருக்கிறது.

இவ்விஷயத்தில் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. அந்த மனிதர் குற்றம் செய்தாரா என்பது ஒன்று. அது தீருமட்டும் அந்தப் பதவி அவர் கையில் இருக்கலாமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு நியாயஸ்தலமே பதில் சொல்ல வேண்டும். அதற்குமுன் ஒருவரைத் திருடன் என்றோ வஞ்சகன் என்றோ முடிவு கட்ட நமக்கு உரிமையில்லை. எட்டாம் கற்பனை மந்திரிக்கும் கூலிக்காரனுக்கும் ஒன்றுதான். இரண்டாம் கேள்வியோ அவருடைய குற்றத்தைப் பற்றியதல்ல, பதவியைப் பற்றியது. பதவி ஒருவருடைய சொத்தல்ல. அது ஜனங்கள் அவரிடம் நம்பி ஒப்படைத்த பொருள். சொத்தைப் பறிப்பதற்குக் குற்றம் ரூபிக்கப்பட வேண்டும். ஒப்படைத்த பொருளைத் திரும்ப வாங்கி வைப்பதற்கு அவ்வளவு வேண்டியதில்லை.

இது கடினமான தத்துவமல்ல. சிப்காட்டில் வேலை செய்யும் நம் தகப்பன்மார்களுக்கு நன்றாய்த் தெரிந்த காரியந்தான். ஒரு தொழிலாளி பேரில் கம்பெனி குற்றப் பத்திரம் கொடுக்கிறது. விசாரணை முடியுமட்டும் அவனைச் சஸ்பெண்டு செய்கிறது. சட்டம் அதை அனுமதிக்கிறது. ஆனால் அவன் இன்னும் குற்றவாளியல்ல என்பதையும் சட்டம் மறக்கவில்லை. முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளமும், தாமதம் அவனால் உண்டாகாவிட்டால் அதற்குப்பின் முக்கால் பங்கும் பிழைப்புப்படியாக அவனுக்குக் கொடுக்க வேண்டும். சர்க்கார் உத்தியோகஸ்தரின் விஷயம் இன்னும் கண்டிப்பானது: 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் அவர் சஸ்பெண்டு ஆனவராகவே எண்ணப்படுவார். மிஷினில் நிற்பவனுக்கும் குமாஸ்தாவுக்கும் ஒரு நியாயம், அவர்களை ஆளுகிறவருக்கு வேறு நியாயம் என்றால், அதை எந்தக் குழந்தையும் தவறென்று சொல்லும்.

பதவி விலகுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது என்பதற்கு நம் நாட்டுச் சரித்திரமே சாட்சி. 1956 நவம்பரில் அரியலூருக்கு அருகே மருதையாற்றில் வெள்ளம் வந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 140-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்போது ரெயில்வே மந்திரியாயிருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. அவர் பாலம் கட்டியவருமல்ல, ரெயிலை ஓட்டியவருமல்ல. ஆயினும் ராஜினாமா செய்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன் மகபூப்நகரில் நடந்த விபத்தின்போதும் அவர் ராஜினாமாக் கொடுத்தார். பிரதம மந்திரி நேரு ஏற்கவில்லை. இம்முறை ஏற்றுக்கொண்டார். சாஸ்திரி குற்றவாளி என்பதற்காக அல்ல, பொறுப்பு என்பதற்கு ஒரு முன்மாதிரியாயிருக்கட்டும் என்பதற்காகவே ஏற்பதாகச் சபையில் விளக்கினார். அந்த ராஜினாமா சாஸ்திரியின் பேரைக் கெடுத்ததா? 1964-ல் அவரே பிரதம மந்திரியானார்.

அது விபத்து, பண விவகாரமல்ல என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். சரி, இதையும் கேளுங்கள். ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷனின் பணத்தில் சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாய், முந்திரா என்ற வியாபாரியின் கம்பெனிகளில் போடப்பட்டது. அது பாலிசி எடுத்த சாமானிய ஜனங்களின் பணம். 1957 முடிவில் பார்லிமெண்டில் கேள்வி எழுந்தது. நீதிபதி சாக்ளா ஜனங்கள் முன்னிலையில் பகிரங்கமாய் விசாரணை நடத்தினார். தம் காரியதரிசி செய்ததற்கு மந்திரியே பொறுப்பாளி என்பது அவருடைய முடிவு. நம் மாகாணத்தைச் சேர்ந்த நிதிமந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் ராஜினாமா செய்தார். 1962-ல் திரும்பவும் மந்திரிசபையில் சேர்ந்தார். நமக்கு அடுத்த கர்நாடகத்திலும், சுரங்க விவகாரத்தில் லோகாயுக்தா அறிக்கை வந்ததன்பேரில் 2011 ஜூலையில் முதன்மந்திரி எடியூரப்பா விலகினார். 2016-ல் நியாயஸ்தலம் அவரை விடுதலை செய்தது. பின்பு மீண்டும் முதன்மந்திரியானார். இவர்கள் எல்லாரும் சமமானவர்கள் என்றோ, மனமொப்பி விலகினார்கள் என்றோ நாம் சொல்லவில்லை. விலகினவருக்கு வழி அடைந்துபோவதில்லை என்பதையே காட்டுகிறோம்.

நிற்க. யாராவது குற்றம் சாட்டினால் உடனே விலக வேண்டுமா? கூடாது. அப்படியானால் நாட்டில் எவன் வாய் பெரியதோ அவனே ராஜா ஆவான். நல்லவரைக் கவிழ்க்க ஒரு பொய்க் கடுதாசி போதுமாகும். 2025 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் பார்லிமெண்டில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. 5 வருஷமோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றத்துக்காகக் கைதாகி, 30 நாள் தொடர்ந்து காவலில் இருக்கும் மந்திரி பதவி இழக்க வேண்டும் என்பது அதன் சாரம். போலீஸ் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கு இது ஆயுதமாகும் என்று எதிர்க்கட்சிகள் சொல்லின. அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஆகையால் எப்போது விலக வேண்டும் என்பதற்கு மனச்சாட்சி சில அளவுகோல்களை வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, சொல்வது யார்? தெருப் பேச்சும் பத்திரிகை ஊகமும் போதா. விசாரிக்க அதிகாரமுள்ள ஒருவர், இரு பக்கத்தையும் கேட்டு, காரியத்தில் சாரம் இருக்கிறதென்று கண்டிருக்க வேண்டும்.

இரண்டாவது, அந்தப் பதவி விசாரணைமேல் நிழல் விழச் செய்கிறதா? இதற்கு அண்மைக்கால உதாரணம் திரு. செந்தில் பாலாஜியின் விஷயம். போக்குவரத்துத் துறையில் வேலைக்காகப் பணம் வாங்கப்பட்டதென்ற வழக்கின் தொடர்பாக அவர் 2023 ஜூனில் கைதானார். சுமார் 8 மாதம் காவலில் இருந்தபடியே இலாகா இல்லாத மந்திரியாக இருந்தார். 2024 பிப்ரவரியில் ராஜினாமா செய்தார். செப்டம்பரில் ஜாமீன் கிடைத்தது. சில நாளில் மறுபடி மந்திரியானார். மந்திரியாயிருப்பவருக்கு விரோதமாய்ச் சாட்சிகள் பயமின்றிப் பேசுவார்களா என்று சுப்ரீம் கோர்ட்டு கவலைப்பட்டது. 2025 ஏப்ரலில் அவர் மீண்டும் விலகினார். அவர் குற்றம் செய்தாரா இல்லையா என்பதில் நாம் பிரவேசிக்கவில்லை. ஆனால் கோர்ட்டாரின் கவலையைக் கவனியுங்கள். ஏழைச் சாட்சி ஒருவன் கூண்டில் ஏறும்போது, எதிரே நிற்பவர் தன் ஜில்லாவையே ஆட்டிவைக்கக் கூடியவர் என்றால், அவன் நாக்கு எழுமா? தன் வழக்கில் தானே நீதிபதியாயிருக்க ஒருவனுக்கும் உரிமையில்லை; சாட்சிகளுக்கு எஜமானனாயிருக்கவும் உரிமையில்லை.

மூன்றாவது, அவர் இருப்பது பிறருக்கு இடறலாகிறதா? ஞானோபதேசத்தில் துர்மாதிரிகை என்று படித்திருக்கிறோம். அது ஊரார் திடுக்கிடுவதல்ல. நம் நடத்தையைக் கண்டு மற்றவன் பாவத்துக்குத் துணிவதே அது. பெரியவர்கள் எதைச் செய்தும் நாற்காலியில் இருக்கலாம் என்று வாலிபர் கற்றுக்கொண்டால், தாலுகா ஆபீசில் கை நீட்டுகிறவனும், கணக்கைத் திருத்துகிறவனும் அந்தப் பாடத்தைத்தான் திருப்பி ஒப்பிக்கிறார்கள்.

இந்த அளவுகோலால் நம் ஓசூர் விஷயத்தைப் பார்த்தால், 2019 ஜனவரியில் அவர் விலகியது சரியே. அதிகாரமுள்ள நியாயஸ்தலம் அன்று தண்டித்திருந்தது. தண்டனை பெற்ற ஒருவர் அன்றே சட்டங்களை நடத்தும் மந்திரியாகவும் இருக்க இயலாது. 2023-ன் விடுதலை அந்த விலகுதலைத் தவறாக்கவில்லை. அது வேறொன்றைச் செய்கிறது: அந்த விலகுதலை ஒரு நஷ்டமாக, குற்றமில்லாதவர் பொது நன்மைக்காகச் சுமந்த நஷ்டமாக, நமக்குக் காட்டுகிறது. அப்படிச் சுமந்தவருக்கு ஜனங்கள் கடன்பட்டிருக்கிறார்கள். தண்டனைச் செய்தியை அன்று கடைவீதியெங்கும் பேசியவர்களில் எத்தனை பேர் விடுதலைச் செய்தியை அதே குரலில் பேசினார்கள்? பிறர் பேரைக் கெடுத்தவன் அதைத் திரும்பக் கொடுக்கக் கடமைப்பட்டவன். திருடின பணத்தைத் திரும்பக் கொடுப்பதற்கு ஒப்பான கடமை இது. அன்றியும் 1998-ல் நடந்த காரியத்துக்கு முதல் தீர்ப்பு வர 21 வருஷமும், முடிவான விடுதலை வர 25 வருஷமும் சென்றன. இந்தத் தாமதம் யாருக்கு நேர்ந்தாலும் அநியாயமே.

இங்கேதான் நம்முடைய பங்கு இருக்கிறது. ராஜினாமா என்றால் "மாட்டிக்கொண்டான்" என்று நாம் சிரிக்கும்வரை, குற்றமற்றவர் எவரும் விலகத் துணியமாட்டார். குற்றமற்றவர் விலகாதபோது, குற்றமுள்ளவர் அவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்: "அவர் இருக்கிறாரே, நான் ஏன் போக வேண்டும்?" தலைவர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அவர்களுடைய ஆசை மாத்திரம் காரணமல்ல, நம்முடைய நாக்கும் காரணம்.

மந்திரிகள் நம் யோசனையைக் கேட்டு நடக்கப்போவதில்லை. ஆனால் சீட்டுப் பணம் வைத்திருப்பவரும், மகளிர் குழுவின் பொருளாளரும், யூனியன் காரியதரிசியும், திருவிழாக் கணக்கு எழுதுகிறவரும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் பேரில் ஒரு சந்தேகம் வந்தால் மூன்று காரியம் செய்யுங்கள். குற்றம் சாட்டுகிறவர் கூட்டத்தில், தம் பெயரைச் சொல்லி, இன்ன தொகை, இன்ன தேதி என்று சொல்லட்டும். முதுகுக்குப் பின்னால் பேச வேண்டாம். பொறுப்பாளர் கோபித்துக்கொள்ளாமல் நோட்டுப் புத்தகத்தையும் சாவியையும் வேறு இருவரிடம் ஒப்புவித்துவிட்டு ஒதுங்கி நிற்கட்டும்; அவரை அப்போது ஒருவரும் கள்ளன் என்று சொல்லக் கூடாது. கணக்குச் சரியென்று கண்டால், குற்றம் சொல்லப்பட்ட அதே கூட்டத்தில், அதே ஆட்கள் முன்னிலையில், அதைச் சொல்லி, சாவியை அவர் கையில் திரும்பக் கொடுங்கள்.

பிதாமாதாக்களுக்கு ஒரு வார்த்தை. டெலிவிஷன் செய்தியில் அடுத்த முறை ஒரு தலைவருடைய பேர் அடிபடும்போது, உங்கள் பிள்ளைகள் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வாய் திறக்குமுன், அந்தப் பேருக்குப் பதிலாக உங்கள் சொந்தக் கட்சித் தலைவருடைய பேரை, உங்கள் சொந்த ஜாதிக்காரருடைய பேரை, மனதுக்குள் வைத்துப் பாருங்கள். அப்போதும் அதே தீர்ப்பைச் சொல்வீர்களானால், தாராளமாய்ச் சொல்லுங்கள், பிள்ளைகள் கேட்கட்டும். வேறு தீர்ப்பு வருமானால், அன்றைக்கு மௌனமாயிருப்பது நலம்.