ராப்பில் பேசும் ‘நான்’

ராப் பாட்டைப் புதிதாகக் கேட்பவரை முதலில் உறுத்துவது அதன் தற்பெருமை. தனக்கு நிகர் எவருமில்லை என்று பாடுபவர் மூச்சு விடாமல் அடுக்கிக்கொண்டே போகிறார். முகம் சுளிக்குமுன் அமெரிக்கக் கறுப்பரின் பெயர் வரலாற்றை நினைக்க வேண்டும். அடிமைப்பட்டோருக்குப் பல இடங்களில் பெயரிட்டவர்கள் அவர்களை விலைக்கு வாங்கியவர்களே. கறுப்பரின் உரிமைக்குக் குரல்கொடுத்த மால்கம் லிட்டில் தம் குடும்பப் பெயரை நீக்கி ‘எக்ஸ்’ என இட்டுக்கொண்டது, தொலைந்துபோன மூதாதையர் பெயருக்கு அடையாளமாகத்தான். நியூயார்க்கின் பிராங்க்ஸில் 1973 ஆகஸ்ட் 11 அன்று நடந்த விருந்தே ராப்பை உள்ளடக்கிய ஹிப்ஹாப்பின் பிறப்பாகக் கொண்டாடப்படுகிறது. அங்கே இசைத்தட்டுச் சுழற்றிய ஜமைக்காக்காரர் கிளைவ் கேம்பலை உலகம் அறிவது ‘கூல் ஹெர்க்’ என்றுதான். தமக்குத் தாமே பெயரிட்டு அதை உரக்கச் சொல்வதே அந்தத் தற்பெருமையின் அடிநிலம்.

அந்த ‘நான்’ விரைவிலேயே சாட்சியாகவும் ஆயிற்று. 1982இல் வந்த ‘தி மெசேஜ்’ பாட்டைப் பாட கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவினரே முதலில் தயங்கினர். ஆட வந்தவர்கள் எலியும் கடனும் நிறைந்த தெருக்கதையைக் கேட்பார்களா? கேட்டார்கள்.

அடுத்த அடுக்கில் சற்று நிற்க வேண்டும். சாட்சி சொல்பவர் தம் வாழ்வை மட்டுமே சொல்வதில்லை. ஸ்டாகோலீ போன்ற அடங்காத நாயகர்கள் ராப்புக்குப் பல பத்தாண்டுகள் முன்பே கறுப்பரின் வாய்மொழி மரபில் உண்டு. சட்டம் கறுப்பரைக் காக்காத ஊரில், சட்டத்துக்கு அஞ்சாதவனின் கதை தெம்பூட்டியது. ராப் கலைஞர் பூணும் வேடம் பெரும்பாலும் அவனுடையதே. 1988இல் என்.டபிள்யூ.ஏ. என்னும் ராப் குழு காவல்துறையைச் சாடிப் பாடியது. மறு ஆண்டே அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் அதிகாரி ஒருவர் அவர்களது இசை நிறுவனத்துக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். வேடத்தை வாக்குமூலமாக வாசிக்கும் இவ்வழக்கம் நீதிமன்றங்களிலும் உண்டு. கொலை வழக்குகளில்கூட ராப் வரிகள் சான்றாக வைக்கப்பட்டுள்ளன. கலிஃபோர்னியாவின் 2022ஆம் ஆண்டுச் சட்டம், அவற்றை ஏற்குமுன் அதனால் இனச்சார்பு நுழையுமா என்று நீதிபதி எடைபோடச் சொல்கிறது. தாமதமான விவேகம்!

ராப் கலைஞர் கென்ட்ரிக் லமாரின் 2015ஆம் ஆண்டு ஆல்பத்தில் இவ்வடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. ‘ஆல்ரைட்’ பாட்டின் சரணங்களில் ஒற்றை மனிதர் சோர்ந்து தடுமாறுகிறார்; பல்லவியோ பன்மைக்கு மாறுகிறது. காவல்துறை வன்முறையை எதிர்த்த ஊர்வலங்கள் முழக்கமாக்கிக்கொண்டது அந்தப் பல்லவியைத்தான். தோழர்களிடையே அந்தப் பன்மை ‘நாம்’. எதிரே நின்ற காவலருக்கோ ‘நாங்கள்’. அதே ஆல்பத்தின் ‘தி பிளாக்கர் தி பெர்ரி’யில், இனவெறிமேல் சீறும் ‘நான்’ இறுதியில் தானும் ஒரு கறுப்பரைக் கொன்றவன் எனச் சொல்லித் தன்னையே போலி என்கிறது. பாதிக்கப்பட்டோர்மீதே பழி போடுகிறார் என்று சிலர் கண்டித்தனர். அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆயினும், அங்கே பேசுபவர் கென்ட்ரிக் என்னும் தனிமனிதர் மட்டுமே என்று கொண்டால்தான் அக்கண்டனம் முழுவதும் பொருந்தும்.