பொருத்தனை யாருடையது, விலை யாருடையது?



வருஷத்தின் கடைசி இரவு வந்துவிட்டால் நம்ம நெல்லைச் சீமையில் எந்தச் சபையிலும் உட்கார இடம் கிடைக்காது. பத்து மணிக்கே பாய் நிரம்பிவிடும். பாட்டு, சாட்சி, பிரசங்கம், மணி பன்னிரண்டு அடிக்கும்போது எல்லாரும் முழங்காலில். அப்புறம் வாக்குத்தத்த வசன அட்டை. இந்த வழக்கம் நேற்று வந்ததல்ல. 1740களில் இங்கிலாந்தில் பிரிஸ்டல் பக்கத்துக் கிங்ஸ்வுட் சுரங்கத் தொழிலாளிகள், முன்பு சாராயக் கடையில் கழித்த இரவுகளை இரட்சிக்கப்பட்ட பிறகு ஜெபத்தில் கழித்தார்கள். ஜான் வெஸ்லி அதற்கு ஆதரவு கொடுத்தார். அந்த விழிப்பு ஆராதனைதான் பிற்பாடு வருஷக் கடைசி இரவோடு ஒட்டிக்கொண்டது.

அந்த இரவில் நாம் தீர்மானம் எடுக்கிறோம். சிலர் மனதுக்குள் எடுக்கிறார்கள், சிலர் சீட்டில் எழுதிப் பீடத்தில் வைக்கிறார்கள். "இந்த வருஷம் நாலு மணிக்கு எழுந்து ஜெபிப்பேன். வேதத்தை இரண்டு தரம் வாசிப்பேன். வெள்ளிதோறும் உபவாசம். சனிக்கிழமை கிராம ஊழியம்." வேறு வகையும் உண்டு: வீட்டுக் கடனை அடைப்பேன், டிகிரி முடிப்பேன், சர்க்கரையைக் குறைப்பேன். எல்லாம் நல்ல காரியங்களே. ஒன்றையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது. இதையெல்லாம் யார் கையிலிருந்து எடுத்துக் கர்த்தருக்குக் கொடுக்கிறோம்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு இருபத்து நாலு மணி நேரம். தூக்கத்துக்கு ஏழு, வேலைக்கும் பஸ்ஸுக்கும் பதினொன்று. மிச்சம் ஆறு. குளிப்பு, சாப்பாடு, கடை கண்ணி எல்லாம் அதற்குள்தான். புதுத் தீர்மானம் தினமும் இரண்டு மணி நேரம் கேட்கிறது என்றால் அந்த இரண்டு எங்கேயிருந்து வரும்? நாலு மணிக்கு எழ வேண்டுமானால் ஒன்பது மணிக்குப் படுக்க வேண்டும். எட்டரை மணிக்குக் கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வருகிற பையனுக்கு அப்பா கிடைக்கமாட்டார். பிரதர் நாலு மணிக்கு எழுந்தால் சிஸ்டர் மூன்றே முக்காலுக்கு எழ வேண்டும், காப்பி தானாகக் கொதிக்குமா? தீர்மானச் சீட்டில் ஒருவர் பெயர்தான் இருக்கிறது. ஆனால் அதை நிறைவேற்றுவது ஒரு வீடு.

வேதத்தில் பொருத்தனை என்றவுடன் எனக்கு யெப்தா நினைவுக்கு வருகிறான். நியாயாதிபதிகள் 11ஆம் அதிகாரத்தைத் திறந்து நிதானமாக வாசியுங்கள். 29ஆம் வசனத்தில் கர்த்தருடைய ஆவி அவன்மேல் இறங்குகிறது. 30ஆம் வசனத்தில்தான் பொருத்தனை வருகிறது. கவனித்தீர்களா? அபிஷேகம் முதலில் வந்துவிட்டது. பேரம் பேச வேண்டிய அவசியமே இல்லை. பேசினான். ஜெயித்து வீட்டுக்கு வந்தால் வாசலிலிருந்து எதிரே வருகிறதைப் பலியிடுவேன் என்றான். ஜெயித்து வந்தான். தம்புரோடும் நடனத்தோடும் எதிரே ஓடி வந்தது யார்? அவனுடைய ஒரே மகள்.

அந்த நேரத்தில் அவன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு, நீ என்னை இப்படி மனமடியப் பண்ணிவிட்டாயே என்று அவளிடமே சொல்கிறான். வாக்குக் கொடுத்தவன் அவன், பழி அவள்மேல். நம்ம வீட்டிலும் இதே பேச்சு கேட்பதில்லையா? "உங்களாலதான் என் ஜெப வாழ்க்கையே போச்சு" என்று பிள்ளைகளைப் பார்த்துச் சொல்கிற தகப்பன்மார் எத்தனை பேர்!

இன்னொரு காரியம். அந்தப் பெண் எதிர்த்துப் பேசவில்லை. வாக்குக் கொடுத்தீர்களே, அப்படியே செய்யுங்கள் என்றுதான் சொன்னாள். தோழிகளோடு மலைகளில் போய்த் துக்கங்கொண்டாட இரண்டு மாதம் மட்டும் கேட்டாள். ஆக, அவள் சம்மதித்தாள். சம்மதித்ததால் அது நியாயமாகிவிட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. முடிவெடுத்த பிறகு கேட்கிற கேள்வி, கேள்வியே அல்ல. அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பிள்ளை "சரிப்பா" என்றுதான் சொல்லும். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது பெரியவர்களுக்கு வசதி, அவ்வளவுதான். அவளுடைய பெயரைக்கூட வேதம் சொல்லவில்லை.

இயேசுவின் காலத்திலும் இந்தச் சிக்கல் இருந்தது. மாற்கு 7ஆம் அதிகாரத்தில் கொர்பான் என்று ஒரு வார்த்தை வருகிறது. காணிக்கை என்று அர்த்தம். வயதான தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதை "இது தேவனுக்கு" என்று சொல்லிவிட்டால் போதும், அதற்குப் பிறகு அவர்களுக்கு உதவ வேண்டியதில்லை என்று ஒரு பாரம்பரியம். ஆண்டவர் அதைக் கடுமையாகக் கண்டித்தார். காணிக்கை கொடுத்ததற்காக அல்ல. தனக்குச் சொந்தமில்லாததைக் கொடுத்ததற்காக. பெற்றோருக்குக் கடன்பட்ட பணம் எப்படியோ, பிள்ளைக்குக் கடன்பட்ட நேரமும் அப்படித்தான் என்று நான் நினைக்கிறேன்.

"அப்படியானால் சீஷத்துவம் எங்கே? தகப்பனையும் தாயையும் மகனையும் மகளையும்விட அவரை அதிகமாய் நேசிக்கச் சொல்லியிருக்கிறாரே?" என்று யாராவது கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மிஷனரிகள் எல்லாரும் குடும்பத்தோடு பிக்னிக் போய்க்கொண்டிருந்தால் நமக்குச் சுவிசேஷம் வந்திருக்குமா?

இதற்கு வில்லியம் கேரியின் வீட்டைப் பார்ப்போம். செருப்புத் தைத்துப் பிழைத்தவர். 1793இல் இந்தியாவுக்குப் புறப்படத் தீர்மானித்தபோது மனைவி டாரதி வரமாட்டேன் என்றார். அப்போது அவர் கர்ப்பிணி. கேரி மூத்த மகன் பெலிக்ஸை மட்டும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கப்பல் தாமதமானது. திரும்பி வந்து மறுபடியும் கேட்டபோது, தங்கை கூட வந்தால் வருகிறேன் என்று டாரதி சம்மதித்தார். வங்காளத்துக்கு வந்தார்கள். 1794இல் ஐந்து வயது மகன் பீட்டர் வியாதியில் இறந்தான். அதற்குப் பிறகு டாரதியின் மனநிலை பாதிக்கப்பட்டது. குணமாகவே இல்லை. 1807இல் இறக்கும்வரை அதே நிலை. பக்கத்து அறையில் அவர் கூச்சலிட, இந்தப்பக்கம் கேரி மொழிபெயர்ப்பு வேலையில் இருந்தார். 1801இல் வங்காளப் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது. பிள்ளைகளை அதிகம் கவனித்தவர்கள் சேராம்பூரில் உடன் ஊழியம் செய்த வில்லியம் வார்டும் ஹன்னா மார்ஷ்மனும்.

கேரியைக் கூண்டில் நிறுத்த நான் யார்? அந்த வேதாகமம் கோடிக்கணக்கான ஜனங்களுடைய மொழியில் வந்த நன்மை. அது உண்மை. டாரதி கொடுத்த விலையும் உண்மை. ஒன்று மற்றொன்றை அழித்துவிடாது. நாம் வழக்கமாகச் செய்வது என்ன? முதல் பாதியைப் பிரசங்கிக்கிறோம், இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறோம். தன்னை வெறுப்பது சீஷத்துவம். தன் தூக்கத்தை, தன் சாப்பாட்டை, தன் பேரை ஒருவன் விடலாம், யாரையும் கேட்க வேண்டாம். அடுத்தவன் பங்கை விடுவதற்கு நமக்கு எங்கே அதிகாரம்?

இதே கண்ணோடு நம்ம பக்கத்து இடையன்குடியையும் பாருங்கள். ராபர்ட் கால்டுவெல் 1841இல் அங்கே வந்தார். 1844இல் அவர் மணந்த எலைசா, நாகர்கோவில் மிஷனரி மால்ட் அவர்களின் மகள். இங்கேயே வளர்ந்தவர், தமிழ் நன்றாகத் தெரிந்தவர். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார், லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். அந்த ஊழியம் அவருடையதாகவும் இருந்தது. அவர்களுக்குக் கஷ்டமே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஒரே நுகத்தை இரண்டு பேர் தெரிந்தே சுமப்பதும், ஒருவர் தோளில் மற்றவர் தூக்கி வைப்பதும் வேறு வேறு.

இங்கேதான் குடும்பமாக வெளியே போகிற விஷயம் வருகிறது. நம்ம பெந்தெகொஸ்தே வீடுகளில் "சுற்றிப் பார்க்கப் போறோம்" என்று சொல்லவே ஒரு கூச்சம். உல்லாசம், உலகம் என்று ஒரு பயம். கன்வென்ஷனுக்குப் போனால் மட்டும் பிரயாணம் பரிசுத்தமாகிவிடும். ஆனால் உபாகமம் 6ஆம் அதிகாரத்தில் பிள்ளைகளுக்குப் போதிக்கும் இடங்கள் எவை என்று பாருங்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது. வழி என்று எழுதியிருக்கிறதே! நாம் நடந்தே போகாவிட்டால் அந்தப் பாதிக் கற்பனையை எப்போது கைக்கொள்வது? எல்க்கானா வருஷந்தோறும் குடும்பத்தோடு சீலோவுக்குப் போனான். யோசேப்பும் மரியாளும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையோடு எருசலேமுக்குப் போனது, உறவுக்காரர்கள் கூட்டமாக. அந்த நடையில் ஒரு நாள் முழுக்கப் பிள்ளை எங்கே என்று தேடவில்லையே, அவ்வளவு பேர் கூட இருந்திருக்கிறார்கள்.

தூரம் போக வேண்டாம், கடன் வாங்கி ஊட்டிக்குப் போகச் சொல்லவில்லை. நாங்குநேரி வட்டத்தில் கூந்தன்குளம் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். 1994இல் சரணாலயமாக அறிவித்தார்கள், ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்த ஊர் ஜனங்கள் பறவைகளைக் காத்து வருகிறார்கள். வீட்டுக் கொல்லைப்புற மரத்திலேயே நாரை கூடு கட்டும், எச்சம் விழும், நாற்றம் அடிக்கும். யாரும் விரட்டுவதில்லை. அந்த எச்சம் கலந்த வண்டலை வயலுக்கு உரமாகப் போடுகிறார்கள். பூநாரை, கூழைக்கடா, செங்கால் நாரை வகைகள் வரும். வரித்தலை வாத்து என்று ஒன்று இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிறது. ஜனவரியில், பொங்கல் லீவில், காலை வெயில் ஏறுமுன் போய்விட்டால் பிள்ளைகள் கண்ணாரக் காணலாம். ஒரு ஊரே தன் கொல்லையை வருஷந்தோறும் வேறொரு ஜீவனுக்கு விட்டுக் கொடுத்திருப்பதைப் பார்க்கிற பிள்ளைக்கு நாம் தனியாகப் பிரசங்கம் பண்ண வேண்டியதில்லை.

புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். எழுந்து கட்டுகிறவர் அம்மா மட்டுமாக இருக்க வேண்டாம். கைபேசியைப் படம் எடுக்க மட்டும் வெளியே எடுங்கள். இன்னொன்று சொல்கிறேன், மாற்றுக் கருத்துள்ள மூப்பர்கள் உண்டு என்பது தெரியும்: அன்றைக்கு ஒரு நாள் கைப்பிரதிக் கட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். "அப்பா எங்களுக்காக வந்தார்" என்று பிள்ளை நினைக்க வேண்டும். "ஊழியத்துக்குப் போகிற வழியில் எங்களையும் ஏற்றிக்கொண்டார்" என்று நினைக்கக்கூடாது. பிள்ளைகள் இந்த வித்தியாசத்தைச் சட்டென்று கண்டுபிடித்துவிடும்.

ஆனால் இதையும் ஒரு பொருத்தனையாக்கிப் பாரமாக்கிவிட வேண்டாம். "மாதம் ஒரு இடம், பன்னிரண்டு இடம்" என்று சீட்டில் எழுதி, மார்ச் மாதம் பணமில்லாமல் போய், அதற்கும் வீட்டில் சண்டை. பிரசங்கி 5ஆம் அதிகாரம் பொருத்தனையைக் குறித்து எச்சரிப்பது இதற்கும் சேர்த்துத்தான். சாயங்காலம் தாமிரபரணிக் கரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பதற்கு என்ன செலவு?

தீர்மானங்களை என்ன செய்வது? கைவிடச் சொல்லவில்லை. அன்னாளும் பொருத்தனை பண்ணினாள். பிள்ளை பால் மறக்கும்வரை வீட்டிலிருக்கிறேன் என்று புருஷனிடம் சொன்னாள், எல்க்கானாவும் உனக்கு நலமாய்த் தோன்றுகிறபடி செய் என்று ஒத்துக்கொண்டான். கொடுத்துவிட்டு மறந்துவிடவும் இல்லை. வருஷா வருஷம் ஒரு சின்னச் சட்டை தைத்து எடுத்துக்கொண்டு போனாள். பிள்ளை வளர வளர அளவும் கூடியிருக்கும், இல்லையா? அந்த அளவு அவளுக்குத் தெரிந்திருந்தது.

நம்ம வீட்டில் பிள்ளையின் சட்டை அளவு எத்தனை தகப்பன்மாருக்குத் தெரியும்?

சபையில் எழுதுவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். சின்னவர் முதலில் பேசட்டும், அப்பா கடைசியில். அப்பா முதலில் பேசினால் மற்றவர்கள் எல்லாரும் "ஆமென்" போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வேலைக்குப் போகிற மகளுக்கும், வீட்டோடு இருக்கிற பாட்டிக்கும் ஆளுக்கொரு ஆசை இருக்கும், கேட்டால்தான் வெளியே வரும். உங்கள் நாலு மணி ஜெபத்தைப் பற்றியும் சொல்லுங்கள், இதனால் யாருக்கு என்ன குறையும் என்று நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். காப்பியை நீங்களே போட்டுக்கொள்வதாக இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். டிசம்பர் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, அந்தப் பேச்சை ஆரம்பித்தால் 31ஆம் தேதி இரவுக்கு முன் எல்லாருக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும். கூந்தன்குளம் போவதாக இருந்தால் மணிமுத்தாறுத் தண்ணீர் வந்து குளம் நிரம்பியிருக்கிறதா என்று அந்தப் பக்கத்து விசுவாசிகளிடம் முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இல்லாத வருஷம் பறவை வராது.