நம்பியது குற்றமா?



போலி மின்னஞ்சலை நம்பி ஒருவர் வங்கிப் பணத்தைப் பறிகொடுத்துவிட்டார் என்று செய்தி வந்தால், நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "எந்தப் பாவி திருடினான்?" என்பதல்ல. "இவ்வளவு படிச்சும் எப்படி ஏமாந்தாங்க?" என்பதுதான். திருடனை விட்டுவிட்டுப் பறிகொடுத்தவரை விசாரிக்கிறோம். பூட்டை உடைத்துத் திருடியிருந்தால் இப்படிக் கேட்போமா? மாட்டோம். மின்னஞ்சல் என்றால் மட்டும் கேட்கிறோம். ஏனென்றால், அங்கே சாவியை எடுத்துக் கொடுத்தவர் அவரே. அப்படியானால் அந்தக் குற்றத்தில் அவருக்கும் பங்கு உண்டா? கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார்ப்போம்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் நடந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஜொகூர் பாருவிலிருந்து விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் நம்மவர்களில் பலருக்கு அங்கே வங்கிக் கணக்கு உண்டு. 2021 டிசம்பரில், ஓசிபிசி வங்கியின் பெயரில் பலருக்குக் குறுஞ்செய்திகள் வந்தன. கணக்கில் ஏதோ சிக்கல், இந்த இணைப்பை அழுத்திச் சரிசெய்யுங்கள் என்பது போன்ற செய்தி. அனுப்புநர் பெயரையே மோசடிக்காரர்கள் போலியாகப் போட்டிருந்ததால், வங்கி முன்பு அனுப்பிய உண்மைச் செய்திகளுக்குக் கீழேயே இவையும் போய் உட்கார்ந்துகொண்டன. அழுத்தினால் வங்கியின் பக்கம் மாதிரியே ஒரு பக்கம். அதில் கணக்கு விவரங்களையும் ஒருமுறைக் கடவு எண்ணையும் தட்டியவர்களின் பணம் போயிற்று. சுமார் 790 பேர். மொத்தம் 1 கோடியே 37 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி.

இத்தனை பேரும் முட்டாள்களா? பேராசைக்காரர்களா? லாட்டரி விழுந்தது என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லையே. தன் கணக்கில் கோளாறு என்றதும் உடனே சரிசெய்யப் பார்த்தார்கள். பொறுப்புள்ள மனிதன் செய்யும் காரியம்தான் அது. நம் ஊரில் வருமான வரி வாரியத்தின் பெயரில், வரிப்பணம் திரும்ப வருகிறது என்று சுற்றும் போலி மின்னஞ்சல்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. தூண்டிலில் மாட்டுவது அறியாமை மட்டுமல்ல. நம்முடைய நல்ல குணமும்தான். இராவணன் பஞ்சவடிக்கு அரக்கனாக வரவில்லை, துறவியாக வந்தான். விருந்தோம்பல் என்ற பண்பையே வலையாக்கினான். அதற்காகச் சீதையைக் குற்றவாளி என்று யாரும் சொல்வதில்லை. வேடம் போட்டவன்மேல்தான் பழி.

"அப்படின்னா இனிமே யாரையுமே நம்பக் கூடாதா?" என்று கேட்கலாம். நம்பாமல் வாழ முடியாது. கடைக்காரர் எடை போடுவதை நம்புகிறோம்; பேருந்து ஓட்டுநரை நம்பிக் கண்ணயர்கிறோம். ஆனால் ஒருவரை நம்புவது வேறு, "நான்தான் அவர்" என்று சொல்லிக்கொண்டு வருபவரை நம்புவது வேறு. வங்கியை நம்புங்கள், வங்கி என்று சொல்லிக்கொண்டு வரும் கடிதத்தைச் சோதியுங்கள். சோதிப்பது யாருக்கும் அவமதிப்பல்ல. உண்மையான வங்கி நீங்கள் சோதித்தால் கோபித்துக்கொள்ளாது. அவசரப்படுத்துபவன், "இன்னும் ஒரு மணி நேரத்தில் கணக்கு முடங்கும்" என்று மிரட்டுபவன், அவன்தான் சோதனைக்கு அஞ்சுகிறான். திருவள்ளுவர் பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். நம்பாதே என்பதல்ல அதன் கருத்து. ஆராய்ந்து நம்பு என்பதுதான்.

ஆராய்வது எப்படி? முன்பெல்லாம் எழுத்துப்பிழை காட்டிக் கொடுக்கும். இப்போது செயற்கை நுண்ணறிவு பிழையில்லாமல் எழுதிக் கொடுத்துவிடுகிறது. அதனால் மொழியழகை நம்பாதீர்கள். அனுப்புநர் பெயரை மட்டும் பார்க்காமல், அதன் பின்னால் இருக்கும் முழு முகவரியைப் பாருங்கள். இணைப்பில் வங்கியின் பெயர் எங்கேயோ இருந்தால் போதாது. முதல் தனிச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் இருக்கும் பெயர்தான் அந்த வீட்டுக்காரரின் பெயர். பூட்டுப் படம் தெரிந்தாலும் அது நல்லவர் வீடு என்று அர்த்தமில்லை. திருடனும் தன் வீட்டுக்குப் பூட்டுப் போடலாம். இதெல்லாம் குழப்பமாக இருந்தால் ஒன்றே ஒன்றை நினைவில் வையுங்கள்: அந்தக் கடிதம் என்ன கேட்கிறது? கடவுச்சொல்லையோ ஒருமுறை எண்ணையோ கேட்டால், யார் பெயரில் வந்தாலும் அது பொய். இணைப்பைத் தொடாதீர்கள். வங்கி அட்டையின் பின்புறமுள்ள எண்ணை நீங்களே அழைத்துக் கேளுங்கள்.

இனி, பொறுப்பு யாருக்கு? ஓசிபிசி வங்கி கடைசியில், நல்லெண்ண அடிப்படையில் என்று சொல்லி, பாதிக்கப்பட்டவர்களுக்கு முழுத் தொகையையும் கொடுத்தது. 2022 ஜனவரியில், வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சல், குறுஞ்செய்திகளில் அழுத்தக்கூடிய இணைப்பே இருக்கக் கூடாது என்று சிங்கப்பூர் வங்கிகளுக்கு விதி வந்தது. 2024 டிசம்பர் 16 முதல் அங்கே நடப்பில் உள்ள பொறுப்புப் பகிர்வு முறையில், வங்கி தன் கடமையைச் செய்ததா என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு தொலைத்தொடர்பு நிறுவனம். இருவரும் செய்திருந்தால்தான் இழப்பு வாடிக்கையாளர் தலையில். இந்த வரிசையில் ஒரு நியாயம் இருக்கிறது: வலிமை அதிகம் உள்ளவனுக்குக் கடமையும் அதிகம். கவனமாக இருப்பது நம் கடமைதான். ஆனால் கவனக்குறைவு வேறு, குற்றம் வேறு. முதலாவதற்குப் பாடம் போதும், தண்டனை இரண்டாவதற்கு.

இந்த வேறுபாட்டை நாம் மறந்தால் என்ன ஆகும் தெரியுமா? ஏமாந்தவர் வாயை மூடிக்கொள்வார். பிள்ளைகள் திட்டுவார்கள், சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள் என்று அம்மா சொல்லாமலே இருந்துவிடுவார். அந்த நேரத்தில் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு ஓடிக்கொண்டிருக்கும். 2022 அக்டோபரில் தொடங்கிய நம் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் 997. உடனே அழைத்தால் பணத்தை வழியிலேயே மடக்க வாய்ப்புண்டு. நாம் பேசும் ஒரு சுடுசொல் அந்த அழைப்பைத் தாமதப்படுத்தினால், திருடனுக்கு நேரம் வாங்கிக் கொடுத்தவர்கள் நாம்தான்.

உண்மையில் குற்றத்தில் பங்கு யாருக்கு என்றால், தன் வங்கி அட்டையைச் சில நூறு வெள்ளிக்கு முன்பின் தெரியாதவனிடம் கொடுக்கும் இளைஞனுக்கு. "நான் யாரையும் ஏமாத்தலையே, கார்டு மட்டும்தானே கொடுத்தேன்" என்பான். திருட்டுப் பணம் நடந்து போகும் பாதையே அந்தக் கார்டுதான். இத்தகைய கழுதைக் கணக்குகளுக்கென்றே 2024இல் குற்றவியல் சட்டத்தில் தனிப் பிரிவுகள் சேர்க்கப்பட்டுள்ளன. ஆராயாமல் நம்பியவரைச் சபிக்கும் நாம், தெரிந்தே கண்ணை மூடிக்கொள்பவனை "பாவம், சின்னப் பையன்" என்று விட்டுவிடுகிறோம். தராசு தலைகீழாக இருக்கிறது.

ஆகவே தம்பி தங்கைகளே, இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் பெரியவர்களின் கைத்தொலைபேசியில் 997 என்ற எண்ணைப் பதிந்து கொடுங்கள். கொடுக்கும்போதே, "ஏதாவது ஆச்சுன்னா உடனே என்கிட்ட சொல்லுங்க, நான் திட்ட மாட்டேன்" என்று வாக்குக் கொடுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.