முத்திரையிட்ட சுருள்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமணப் பூசை முடிந்து பதிவேட்டில் கையொப்பமிடும் நேரம். பெண்ணின் தாயாரே ஒரு சாட்சியாக ஒப்பமிட வேண்டும் என்று மகளுக்கு ஆசை. நான் பேனையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கிட்ட வந்து மெதுவாக, "சுவாமி, சனம் போனாப்பிறகு வைக்கட்டோ?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. படம் எடுப்பவரும் வெளியே போகும்வரை காத்திருந்து, மேசை லாச்சிக்குள் கிடந்த மைத்தட்டை எடுத்து வைத்தேன். பெருவிரலைப் பதித்தபின் அந்த மையை அவர் சேலைத் தலைப்பில் துடைத்த வேகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தமது மகளின் திருமண நாளில் ஒரு தாய் வெட்கப்பட்டு நின்றார். அந்த வெட்கம் உண்மையில் யாருக்கு உரியது?

அவர் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி விற்பவர். அதே திருநெல்வேலியில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் பரமேஸ்வராக் கல்லூரியைத் தொடக்கினார். அந்த வளவிலேதான் 1974இல் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டு, 1979இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பட்டமளிப்பு விழாவுக்குப் போகும் கூட்டத்தை அந்தத் தாய் எத்தனை தடவை கண்டிருப்பார்! படித்த யாழ்ப்பாணம் என்று நாம் மார்தட்டத் தட்ட, எழுத்தறியாதவர் இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்கிறார். எல்லாருக்கும் எழுத்துத் தெரியும் என்ற ஊரில், தெரியாது என்று சொல்ல எவருக்கு வாய் வரும்?

அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதையும் ஒளியாமல் பேசுவோம். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஒடுக்கப்பட்ட பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருக்கலாம் என்ற சமஆசன ஒழுங்கு வந்தபோது குடாநாட்டில் பள்ளிக்கூடங்கள் தீக்கிரையாயின. கோயிலுக்குள்ளேயே இருக்கை பிரித்து வைத்திருந்த கத்தோலிக்கராகிய நாமும் இதில் கைகழுவ இயலாது. அன்று வாங்கு மறுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் இன்றும் கைநாட்டு வைக்கிறார்கள். பின்னர் போர் வந்தது. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமமே எழுந்து நடந்தபோது எட்டு வயதாயிருந்த பிள்ளைக்கு இன்று நாற்பதை எட்டும் வயது. இடம் மாறி இடம் மாறிப் படிப்பை விட்டவர்கள், பிறகு வயது போய்விட்டதென்று பள்ளிக்கூட வாசலை மிதிக்கவேயில்லை.

இசையாஸ் ஆகமத்தின் இருபத்தொன்பதாம் அதிகாரத்தில் ஒரு காட்சி வருகிறது. முத்திரையிட்ட சுருள் ஒன்றை எழுத்தறிந்தவனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார்கள். முத்திரையிட்டிருக்கிறதே, முடியாது என்கிறான். எழுத்தறியாதவனிடம் கொடுக்கிறார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாதே என்கிறான். இவனுடைய மறுமொழியில் குறை காண இடமில்லை. அவனுடைய மறுமொழியைத்தான் பாருங்கள். முத்திரையை உடைக்க ஒரு விரல் போதும். அந்த விரலை அசைக்க அவனுக்கு மனமில்லை. இப்பகுதியை நான் வாசிக்கும்போதெல்லாம் என்னையும், என்னோடு படித்த பலரையும் அந்த முதலாமவனிடத்தில் காண்கிறேன்.

அப்போஸ்தலர்களே எழுத்தறியாதவர்கள்தானே என்று ஒரு பெரியவர் என்னோடு வாதாடினார். மெய்தான். பேதுருவும் யோவானும் படிப்பில்லாதவர்கள் என்று கண்டு ஆலோசனைச் சங்கத்தார் வியந்ததாக அப்போஸ்தலர் பணி சொல்கிறது. ஆனால் அவர்களை அழைத்த ஆண்டவரோ நாசரேத்தூர்ச் செபக்கூடத்தில் சுருளை வாங்கி, விரித்து, வேண்டிய இடத்தைத் தேடிக் கண்டு வாசித்தார். தச்சனின் மகனுக்கு யாரோ பொறுமையாக எழுத்தைக் காட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அன்னம்மாள் தம் மகள் மரியாளுக்கு ஏடு பிடித்துப் படிப்பிக்கும் சுரூபங்களைக் கண்டிருப்பீர்கள். சுவிசேஷத்தில் இல்லாத காட்சிதான். என்றாலும் திருச்சபையின் உள்ளம் எதை விரும்பியது என்பது அதில் தெரிகிறது. தேவதாயின் பிறந்த நாளாகிய செப்டெம்பர் 8ஆந் திகதியே, 1967 முதல் உலகம் கொண்டாடும் எழுத்தறிவு தினமும் ஆகும். அதே 1967இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் மக்களின் முன்னேற்றம் பற்றிய தமது சுற்றுமடலில், கல்விப் பசி வயிற்றுப் பசிக்குக் குறைந்ததன்று என்று எழுதினார்.

திருமணத்துக்குப் பின் சந்தைக்கு அண்மையில் ஒரு வீட்டு விறாந்தையில் வகுப்பைத் தொடங்கினேன். தொடங்கிய விதம் பிழை. பாலர் வகுப்புப் புத்தகத்தைக் கொண்டுபோய் அணில், ஆடு என்று கரும்பலகையில் எழுதினேன். விடிய மூன்று மணிக்கு எழும்புகிறவர்களை இரவு ஏழு மணிக்கு வரச்சொன்னேன். பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்த இளைஞர் ஒருவர் உதவிக்கு வந்தார். நல்ல பிள்ளை. ஆனால் தன் பாட்டி வயதுப் பெண்ணைப் பார்த்து, எத்தனை தரம் சொல்வது என்று ஒருநாள் சலித்துக்கொண்டார். அவர் மறுநாள் வரவில்லை. மூன்றாம் கிழமை விறாந்தை வெறிச்சோடிற்று. எஞ்சியிருந்த ஒரு தாய் சொன்னார்: "அணிலை எனக்குத் தெரியும் சுவாமி. இந்தத் துண்டில என்ன எழுதிக் கிடக்கெண்டுதான் தெரியேல்லை." மடியிலிருந்து அவர் எடுத்தது ஒரு கடன் துண்டு.

குருமடத்தில் நான் கேட்ட எந்தப் பிரசங்கமும் என்னை அப்படித் திருத்தியதில்லை. 2009இன் பின் வடக்கில் நுண்கடன் நிறுவனங்கள் வீடு வீடாக வந்தன. வட்டி என்ன, தவணை தவறினால் என்ன என்று அறியாமலே பெண்கள் ஒப்பமிட்டார்கள். துயரம் முற்றி, 2018இல் வறட்சி கண்ட மாவட்டங்களில் பெண்கள் பட்ட ஓர் இலட்சம் ரூபா வரையான கடனைத் தள்ளிவிட அரசே முன்வரவேண்டியதாயிற்று. சுவிசேஷத்தில் அநீத கண்காணிப்பாளனின் கடனாளிகள் தங்கள் சீட்டைத் தாங்களே திருத்தி எழுதுகிறார்கள். எங்கள் தாய்மாருக்கு அதுவும் வாய்க்கவில்லை.

பிரேசில் நாட்டில் போலோ பிறேயர் என்ற கத்தோலிக்க ஆசிரியர் இதை முன்பே கண்டறிந்தார். 1963இல் அங்கிகோஸ் என்ற ஊரில் ஏறக்குறைய முந்நூறு தொழிலாளருக்கு நாற்பது மணித்தியாலப் பாடத்தில் எழுத்தைப் பழக்கினார். செங்கல் போன்ற அவர்கள் கையிலுள்ள சொல்லை எடுப்பார், அதைப்பற்றிப் பேசவிடுவார், பின்பு சொல்லை உடைத்து எழுத்து வரிசைகளை எடுப்பார். அந்நாட்டு ஆயர்களும் 1961இலேயே வானொலி மூலம் அடிப்படைக் கல்வி இயக்கத்தைத் தொடக்கியிருந்தார்கள். அவர்களுடைய பாடப்புத்தகத்தை 1964இல் பொலிசார் கைப்பற்றினர். அதே ஆண்டு இராணுவ ஆட்சி வந்ததும் பிறேயரும் சிறை சென்று, பின் நாடு கடந்தார். ஏழைக்கு எழுத்துத் தெரிவதில் அத்தனை பேருக்கு அத்தனை பயம்!

அந்த வழியை எமது தமிழுக்கு எடுப்பது எளிது. உயிர்மெய் வரிசை அதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. நாங்கள் "கடன்" என்ற சொல்லை எழுதினோம். அரைமணி நேரம் எவரும் எழுத்தைப் பார்க்கவில்லை, கடனைப் பற்றியே பேசினார்கள். பிறகு க, கா, கி, கீ, கூ, கொ என்றும், ட, டி, டு, டை என்றும் விரித்தோம். கடை வந்தது, கூடை வந்தது, காடு வந்தது, கோடி வந்தது. "கொடு" என்ற சொல்லை எவரும் காட்டிக்கொடுக்காமல் தாங்களே கண்டுபிடித்துச் சிரித்தார்கள். நேரத்தையும் சந்தை ஓயும் மத்தியானத்துக்கு மாற்றினோம். கணக்கில் அவர்களே எங்களுக்கு ஆசிரியர். ஒன்றேகால் கிலோ கத்தரிக்காயின் விலையை நான் தாளில் போட்டு முடிக்குமுன் அவர்கள் வாயால் சொல்லிவிடுவார்கள்.

தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டம் 1991இல் அறிவொளி இயக்கத்தால் எழுந்ததை எம்மவர் அறியவேண்டும். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அம்மையார், பெண் தொண்டர்கள் தூரத்துக் கிராமங்களுக்குத் தாமே போய்வர வேண்டும் என்று சைக்கிள் பழகச் செய்தார். வாங்க வங்கிக் கடனுக்கும் வழி பார்த்தார். முன்தண்டில் பிள்ளையை இருத்தலாம் என்பதற்காக ஆண்கள் ஓடும் சைக்கிளையே விரும்பி எடுத்த பெண்களும் உண்டு. கல்லுடைக்கும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியையே குத்தகைக்கு எடுத்தார்கள். எமது பெண்களுக்கு சைக்கிளை எவரும் பழக்கத் தேவையில்லை. ஆனால் ஒன்று. இயக்கம் ஓய்ந்தபின் வாசிக்க ஏதும் கிட்டாத ஊர்களில் கற்ற எழுத்து மெல்ல மறந்துபோனது. ஆகையால் பங்குகளில் வகுப்பு வைக்க நினைப்பவர்கள் முதல் மாதத்தை விட இரண்டாம் ஆண்டைப் பற்றியே கூடுதலாக யோசியுங்கள். பூசையில் ஒரு சிறு வாசகம், சந்தை விலைப் பட்டியல், மருந்துப் போத்தலின் துண்டு, வெளிநாட்டிலுள்ள மகனுக்கு நாலு வரி என்று எதையாவது தொடர்ந்து அவர்கள் கையில் கொடுங்கள்.

முதலில் சொன்ன தாயார் வகுப்புக்கு வர ஒரு வருடத்துக்கு மேலாயிற்று. வந்தும் பின்வாங்கிலேதான் இருந்தார். அவருடைய இரண்டாம் மகளுக்கும் கலியாணம் பேசியாயிற்று, வரும் தையில் ஓலை வாசிக்க வேண்டும். ஒரு பழைய கொப்பியில் தம் பெயரைப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வருகிறார். பெயரில் இரண்டு இடத்தில் புள்ளி வரும். ஒன்றை எப்போதும் மறந்துவிடுகிறார்.