முதற்செலவு

நெடும்பிரயாணம் புறப்படுகிறவன் பணத்தையும் நாளையும் எண்ணிக் கணக்கிடுவது தெய்வத்தினிடத்து நம்பிக்கைக் குறைவைக் காட்டுமா, அன்றி அக்கணக்கும் ஒருவகை வழிபாடுதானா என்பது கேட்பதற்குச் சிறிய வினாவாயினும் ஆழமுடையது. அக்கராயனைப் போன்ற வயலும் குளமும் சார்ந்த ஊரிலிருந்து, குளத்து விராலோடு நின்றுவிடாமல், முல்லைத்தீவு தொடங்கித் திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் எனக் கீழ்க்கரை நெடுகிலும் தூண்டிலிட்டுக்கொண்டே போய்வர விரும்பும் நண்பர்கள் கொப்பியும் பேனையுமாக உட்காரும்போது, இவ்வினாவுக்கும் அவர்கள் விடை சொல்லியே ஆகவேண்டும்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது காலம். வைகாசியிலிருந்து ஆவணி வரை சோளகம் வீசுகையில் மேற்குக் கடல் கொந்தளிக்கும், கிழக்குக் கடல் அடங்கியிருக்கும். ஐப்பசிக்குப் பின் வாடை எழுந்தால் நிலைமை தலைகீழாகும். நீர்கொழும்பு, சிலாபம் பகுதி மீனவர் பருவந்தோறும் நாயாற்றுக்கும் கொக்கிளாய்க்கும் வந்து வாடியமைத்த வழக்கம் இக்காற்றின் கணக்கிலிருந்து பிறந்ததே. அடுத்தது பாதை. முறிகண்டியில் ஏ-9 வீதியில் ஏறி, மாங்குளத்தில் கிழக்கே திரும்பி, ஒட்டுசுட்டான் வழியாகக் கடலைச் சேர்ந்துவிடலாம்; ஆனால் அதற்கப்பால் கொக்கிளாய்க் களப்பு குறுக்கே கிடப்பதை மறந்து, தேசப்படத்தில் விரற்கடை தூரமாய்த் தோன்றும் புல்மோட்டையை நம்பி எழுதிய டீசல் கணக்கு விரைவிலேயே பொய்த்துப்போகும். ஐஸ், இரை, நரம்பு, அரிசி, மேலதிகச் சில்லு, நோய்க்கு ஒரு தொகை என்று பட்டியல் நீளும். 2022இல் எரிபொருள் வரிசையில் காத்துநின்று, கியூஆர் குறியீட்டுக்கு அளந்துவிட்ட லீற்றர்களோடு வாரத்தை ஓட்டிய நம்மவர்க்கு, இத்தகைய கணக்கின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இப்பிரதேசத்து மக்கள் கணக்கில்லாத பிரயாணத்தையும் அறிவார்கள். 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் போரினால் அக்கராயனை விட்டுக் கிழக்கு நோக்கிப் பெயர்ந்தவர்கள், எத்தனை நாளைக்கு என்றோ எவ்விடத்துக்கு என்றோ அறியாமல், கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு சென்றார்கள். முல்லைத்தீவுக் கரைவரை போன அவ்வழியில் அவர்கள் இழந்தவற்றை எழுத எந்தக் கொப்பியிலும் இடம் போதாது. அவர்களுடைய பிள்ளைகள் இன்று இன்ன நாள் புறப்பட்டு இன்ன நாள் வீடு திரும்புவோம் என்று எழுதுவதை அகங்காரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திரும்பும் நாளைக் குறிக்க முடிவதே பெரிய அனுக்கிரகம். அதைப் பெற்றவன் அதனை விவேகத்தோடு பயன்படுத்துவது நன்றியறிதலேயாகும்.

ஊழின் வலிமையை 38ஆம் அதிகாரத்தில் உரைத்த வள்ளுவரே ஆள்வினையுடைமையை 62ஆம் அதிகாரத்தில் வற்புறுத்தினார். பிரயத்தனம் நம்முடையது, பலன் நம் கைக்கு அப்பாற்பட்டது. ஏ-9 வீதியில் செல்லும் சாரதிகள், டீசலையும் சில்லுக் காற்றையும் சரிபார்த்த பின்பே முறிகண்டிப் பிள்ளையார் முன் இறங்கிக் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைக்கிறார்கள். இவற்றுள் ஒன்றைச் செய்ததனால் மற்றொன்று வேண்டாமற் போவதில்லை.

ஆயினும் கணக்கு முழுவதும் ‘நான், எனது’ என்பதிலேயே நின்றுவிடுமானால், அது எவ்வளவு திருத்தமாயிருந்தாலும் குறையுடையதே. நாகப்பட்டினத்துப் பரதவர் தலைவராகிய அதிபத்த நாயனார், நாள்தோறும் வலையிற் பட்ட மீன்களுள் சிறந்த ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடும் நியமம் பூண்டிருந்தார். வளம் குன்றி, நாளொன்றுக்கு ஒரே மீன் அகப்படும் நிலை வந்தது. அந்த ஒன்றையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு கரையேறினார். சுற்றத்தார் பசியால் வாடினர், அவர் உடலும் மெலிந்தது. முடிவில் பொன்னும் மணியுமாய் ஒளிவீசிய மீன் ஒன்று அகப்பட, அதையும் அதே கையால் கடலுக்குக் கொடுத்தார். உயிர்க்கொலையை விலக்கும் சைவம், வலைவீசிப் பிழைத்த இவரை அறுபத்துமூவருள் வைத்துப் போற்றுவது சிந்திக்கத்தக்கது. அவர் தொழிலுக்குப் போவதையும் நிறுத்தவில்லை, எவ்வளவு கிடைத்தால் கொடுக்கலாம் என்று காத்திருக்கவுமில்லை. அவருடைய கணக்கில் தெய்வத்தின் பங்கு மிச்சத்திலிருந்து எடுக்கப்படவில்லை, முதலிலேயே எடுத்துவைக்கப்பட்டது.

ஒருவனுடைய சமயம் அவன் செலவுப் பட்டியலின் வரிசையிலே விளங்கும் என்று நான் கருதுகிறேன். ஆதலால் அந்தக் கொப்பியின் முதல் வரிகளில் டீசலுக்கு முன்னே வேறு சில எழுதப்படவேண்டும்: வற்றாப்பளை அம்மன் சந்நிதியில் பசித்தோர்க்கு ஒருவேளைச் சோறு, சினையும் குஞ்சும் அகப்பட்டால் திருப்பிவிடுவது என்னும் சங்கற்பம், தேவைக்கு மேல் பிடிப்பதில்லை என்னும் வரம்பு, அந்தந்தக் கரையிலே தொழில் செய்து பிழைப்பவனுடைய பாட்டில் கைவைக்காத நேர்மை. வெளியூரார் வருகையால் தம் தொழிலுரிமை குன்றுகிறதென்று முல்லைத்தீவு மீனவர் முறையிட்டு வந்திருப்பதை அறிந்த நமக்கு, இந்தக் கடைசி வரியை விட்டுவிட உரிமையில்லை. பிறருக்குரியதை முதலில் ஒதுக்கிய பின் எஞ்சுவது எவ்வளவோ, அவ்வளவு தூரம் போனால் போதும். பொத்துவில் வரை போக முடியாமல் திருகோணமலையிலேயே திரும்ப நேரிட்டாலும் அப்பிரயாணம் நிறைவுடையதே.