கடனும் குற்றமும்

ஜெர்மன் மொழியில் 'ஷுல்ட்' என்று ஒரு சிறு சொல் இருக்கிறது. அகராதியைப் புரட்டினால் அதற்கு இரண்டு பொருள் காண்கிறோம். ஒன்று கடன், மற்றொன்று குற்றம். கடைக்காரனுக்குப் பாக்கி வைத்தவன்மேல் உள்ளதும் 'ஷுல்ட்'; அண்டை வீட்டானைக் கொன்றவன்மேல் உள்ளதும் 'ஷுல்ட்'! டச்சு மொழியும் ஸ்வீடிஷ் மொழியும் இதே சொல்லைச் சற்றே வேறு ஒலியில் வைத்துக்கொண்டு, இதே இரு பொருள்களையும் காப்பாற்றி வருகின்றன.

நான் மொழி நூல் வல்லவன் அல்லன், கதை எழுதுகிறவன். ஆனாலும் ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் குடியிருந்தால், அவற்றுக்குள் என்ன உறவு என்று கேட்காமல் இருக்க என்னால் முடிவதில்லை.

கொடுக்கக் கடமைப்பட்டிருத்தல் என்பதைக் குறித்த ஒரு பழைய வினைச்சொல்தான் இதற்கு வேர். ஆங்கிலத்தின் 'ஷல்', 'ஷுட்' என்ற சொற்களும் அதே வேரில் கிளைத்தவையே. ஸ்காண்டிநேவியப் புராணத்தில் விதியை வகுக்கும் மூன்று தேவியருள் ஒருத்தியின் பெயர் 'ஸ்குல்ட்'. வந்தே தீர வேண்டியது என்பது அதன் கருத்து. ஆகவே முதலில் இருந்தது 'செய்தாக வேண்டும்' என்ற கட்டு. அதைச் செய்யாதவனிடம் குற்றம் வந்து ஒட்டிக்கொண்டது. குற்றவுணர்வே கடனிலிருந்து பிறந்ததுதான் என்று நீட்சே 1887-இல் வாதாடியதும் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான்.

இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில் இரண்டு தீமைகள் உண்டு. ஒன்று, கடன்பட்ட ஏழையைப் பாவி என்று நினைப்பது. இதற்குச் சொல்கூட வேண்டியதில்லை, மனம் போதும். கடனுக்கும் குற்றத்துக்கும் வேறு வேறு சொற்கள் வைத்திருக்கும் இங்கிலாந்தில்தான் 1824-இல் சார்லஸ் டிக்கன்ஸின் தந்தையைக் கடனுக்காகச் சிறையில் அடைத்தார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் தொழிற்சாலையில் வேலை செய்ய நேர்ந்தது.

மற்றது, குற்றத்தைப் பணத்தால் அடைத்துவிடலாம் என்று நினைப்பது. யூதர்களுக்கு இழைத்த கொடுமைக்குப் பின், 1952-இல் மேற்கு ஜெர்மனி இஸ்ரேலுக்கு 300 கோடி மார்க் கொடுக்க ஒப்பந்தம் செய்தது. அந்தப் பணத்தை வாங்கக் கூடாது என்று ஜெருசலேமில் பெரும் கிளர்ச்சி எழுந்தது. வாங்கினால் கணக்குத் தீர்ந்ததாகிவிடுமே என்று அஞ்சினார்கள். அகதிகளுக்கு வீடும் சோறும் வேண்டும் என்றவர்கள் வென்றார்கள். யார் சொன்னதைத் தவறென்று சொல்வது?

இங்கே ஜெர்மன் இலக்கணம் ஒரு நுட்பத்தைக் காட்டுகிறது. கடன்களைச் சொல்லும்போது அச்சொல் பெரும்பாலும் பன்மையில் வரும். குற்றத்தைச் சொல்லும்போது ஒருமையில் வரும். கடனை எண்ணலாம், எண்ணக் கூடியதைத் தீர்க்கலாம். முதல் உலகப் போரின் நஷ்டஈட்டுக்காக வாங்கிய கடன்களின் கடைசித் தவணையை ஜெர்மனி 2010 அக்டோபர் 3-ஆம் தேதி கட்டி முடித்தது. ஒருமையில் உள்ளதற்கு அப்படி ஒரு தேதி உண்டா? யாருக்குக் கொடுக்க வேண்டுமோ அவர்கள் சாம்பலாகிவிட்டார்களே!

அப்படியானால் அதன் பிறகு பிறந்த ஜெர்மானியக் குழந்தையும் குற்றவாளியா? தத்துவப் பேராசிரியர் கார்ல் யாஸ்பர்ஸ் இந்தக் கேள்விக்கு வழி திறந்தார். மனைவி யூதர் என்பதற்காக 1937-இல் பதவி பறிக்கப்பட்டவர் அவர். ஆனாலும் போர் முடிந்ததும், பழி வாங்கப் பேசாமல், இச்சொல்லைப் பிரித்துப் பார்க்க உட்கார்ந்தார். 1946-இல் வெளிவந்த அவருடைய நூல், சட்டக் குற்றம், அரசியல் பொறுப்பு, அறக் குற்றம், இவற்றுக்கும் அப்பாற்பட்ட குற்றம் என்று நான்காக வகுத்தது. ஒரு மக்கள் கூட்டம் முழுவதையும் அறக் குற்றவாளியாக்க முடியாது. ஆனால் தன் அரசு செய்ததன் விளைவைக் குடிமகன் சுமந்தே ஆக வேண்டும் என்றார்.

அவர் தேடிய வேறுபாடு நம் மொழியிலேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழில் 'கடன்' என்றால் திருப்பித் தர வேண்டிய பணம். கடமை என்றும் பொருள். நன்றிக் கடன், நேர்த்திக் கடன், பிதிர்க் கடன் என்கிறோம். அந்தச் சொல்லில் குற்றத்தின் கறை இல்லை. பிதிர்க் கடன் செய்யும் மகன் எந்தப் பாவமும் செய்தவன் அல்லன். மகனாகப் பிறந்தான், அவ்வளவுதான்.

தீண்டாமையைப் பற்றிப் பேச்செடுத்தால், "அது முன்னோர் செய்தது, நான் என்ன செய்தேன்?" என்று கேட்கிறவர்கள் நம்மிடையே உண்டு. கேள்வி நியாயமானதே. அவர் செய்யாததைச் செய்ததாகச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் தாத்தா விட்டுச் சென்ற நிலத்தையும் பெயரையும் பெற்றுக்கொண்டவர், அவர் வைத்துச் சென்ற பாக்கியை மட்டும் எப்படி மறுப்பார்? குற்றம் வழிவழியாக வருவதில்லை. கடன் வருகிறது.