கண்டது கண்ணா, மனமா?

"என் கண்ணாலேயே கண்டேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டால், அதற்குமேல் பேச்சில்லை என்று நாம் கருதிவிடுகிறோம். ஆனால், காண்பது என்பது கண் பட்ட மாத்திரத்திலேயே முடிந்துவிடுகிற காரியமா?

இல்லை என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விளக்கியவர் இப்னுல் ஹைதம். ஹிஜ்ரி 354-ல் (கி.பி. 965) பஸராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்பேரறிஞர், 'கிதாபுல் மனாழிர்' என்னும் நூலில் பம்பரத்தை உதாரணம் காட்டுகிறார். பல நிறங்கள் தீட்டிய பம்பரம் விரைந்து சுழலும்போது அந்நிறங்கள் தனித்தனியே தெரிவதில்லை. எல்லாம் கலந்து ஒரே நிறமாகத் தோன்றும். நிறத்தை அறிவதற்குக்கூடப் பார்வைக்குக் கால அவகாசம் தேவை என்பதற்கு இதுவே சான்று என்றார்.

மேலோட்டமாகப் படும் பார்வை வேறு, ஆராய்ந்து நோக்கும் பார்வை வேறு என்றும் அவர் பிரித்துக் காட்டினார். எழுதப் படிக்கத் தெரிந்தவர் 'அப்ஜத்' என்ற சொல்லை எழுத்துக் கூட்டாமலே அறிந்துகொள்கிறார். பழக்கம் அவருக்குத் துணை செய்கிறது. ஓர் அடையாளத்தைக் கொண்டு மீதியை மனமே நிரப்பிக்கொள்கிறது. நிரப்பியதை நாம் உணர்வதுமில்லை.

இன்றைய ஆய்வும் இதற்கு இசைவாகவே உள்ளது. நம் கண் நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை இடம் தாவுகிறது. ஒவ்வொரு முறையும் நடுவிலுள்ள சிறு பகுதியே தெளிவாகத் தெரிகிறது. அத்துண்டுகளை இணைத்து முழுக் காட்சியாக்குவது மூளை.

இது விஞ்ஞானத்தோடு நின்றுவிடும் விஷயமன்று. ரமலான் பகலில் ஒருவர் தண்ணீர் அருந்துவதைப் போகிற போக்கில் காண்கிறோம். கண் கண்டது கையையும் குவளையையும்தான். 'நோன்பை மதியாதவர்' என்பது நம் மனம் நிரப்பிக்கொண்டது. அவர் பிரயாணியாக இருக்கலாம், நோயாளியாக இருக்கலாம். இருவருக்கும் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. ஆனால், நாம் வீடு வந்து சேர்வதற்குள் அது 'கண்ணால் கண்ட' செய்தியாகிவிடுகிறது. ஒருவருடைய மானம் போய்விடுகிறது.

அப்படியானால் கண்ட எதையுமே நம்பக் கூடாதா? நம்பலாம். கண்டதைக் கண்டபடி சொல்லவும் செய்யலாம். கண்டதோடு நாம் சேர்த்துக்கொண்டதற்குச் சாட்சி சொல்லத்தான் நமக்கு உரிமையில்லை. ஒரு சொல்லைப் படிக்கப் பழக்கம் போதும். ஒரு மனிதரைப் படிக்க அது போதாது.

முதல் பார்வையிலேயே தீர்ப்பு எழுதிவிடாத நிதானத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!